மகள் பினாங்கில், பென்ஷன் கரூரில்: ஒரு வருஷம் தங்க எவ்வளவு வருமானம் காட்ட வேண்டும்?

கேள்வி, 6 ஏப்ரல் 2025

"ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், கரூர். பென்ஷன் மாதம் 62,000 ரூபாய். ஒரே மகள் பினாங்கில் வேலை பார்க்கிறாள். நானும் மனைவியும் ஒரு வருஷமாவது அவளோடு போய் இருக்கலாம் என்று பார்க்கிறோம். மலேசியாவில் நீண்ட நாள் தங்க மாத வருமானம் பத்தாயிரம் ரிங்கிட் காட்ட வேண்டும் என்கிறார் ஒருவர், நாற்பதாயிரம் என்கிறார் இன்னொருவர். வங்கியில் இருபது லட்சம் இருக்கிறது. மூன்று ஏக்கர் நிலம், சொந்த வீடு, மனைவியின் நகை உண்டு. மச்சினர் ஒரு நாற்பது லட்சத்தை ஒரு மாதத்துக்குக் கணக்கில் போட்டுத் தருகிறேன் என்கிறார். போதுமா?"

6 ஏப்ரல், இரவு

இரண்டு பேர் சொன்னதும் பழைய கணக்கு. பத்தாயிரம் என்பது எம்எம்2எச் (மலேசியா மை செகண்ட் ஹோம், வெளிநாட்டவர் நீண்ட நாள் தங்குவதற்கானது) திட்டத்தில் 2020 வரை இருந்த விதி. நாற்பதாயிரம் 2021 அக்டோபரில் வந்த விதி. இரண்டும் இன்று அந்தத் திட்டத்தில் இல்லை. மச்சினர் பணத்தை மட்டும் வாங்கிக் கணக்கில் போட்டுவிடாதீர்கள். மற்றதை நாளை எழுதுகிறேன், கண் சொருகுகிறது.

7 ஏப்ரல்

நான் பட்டர்வொர்த்திலும் பிறகு பினாங்குத் தீவிலும் பேங்க் கவுண்டரில் இருந்தவன். இந்த எம்எம்2எச் வைப்புத்தொகைக் கணக்குகளை என் கையால் திறந்து கொடுத்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் பழங்கதை வரும்.

திட்டம் 2002-இல் தொடங்கியது. அதற்கு முன்பு ஓய்வு பெற்றவர்களுக்கென்று வேறு ஒன்று இருந்தது. 2020 வரை, ஐம்பது வயது தாண்டியவர்களுக்குக் கையிருப்பு 350,000 ரிங்கிட், வெளிநாட்டு வருமானம் மாதம் 10,000, ஒப்புதல் வந்த பிறகு இங்கே ஒரு பேங்கில் 150,000 வைப்பு. ஐம்பதுக்குக் கீழே என்றால் கையிருப்பு ஐந்து லட்சம், வைப்பு மூன்று லட்சம். பத்து வருஷப் பாஸ், அதாவது தங்கும் அனுமதி. எங்கள் கவுண்டருக்கு வந்தவர்களில் ஜப்பானியத் தம்பதிகளும் வெள்ளைக்காரர்களும்தான் அதிகம். பத்து ஃபெரிங்கியிலும் தஞ்சோங் பூங்காவிலும் வீடு பிடித்துக்கொண்டு, மாதம் பிறந்தால் பென்ஷன் தானாக வந்து விழும். இந்தியாவிலிருந்து வந்த நம் ஆட்களை அந்தக் கவுண்டரில் அபூர்வமாகத்தான் பார்த்தேன்.

2020-இல் திட்டத்தை நிறுத்தி, 2021 அக்டோபரில் திரும்பத் திறந்தபோது மாத வருமானம் 40,000, கையிருப்பு பதினைந்து லட்சம், வைப்பு பத்து லட்சம் ரிங்கிட் என்று ஏற்றிவிட்டார்கள். இங்கேயே பெரிய கூச்சல். 2024 நடுவில் மூன்றாவது அவதாரம். இப்போது வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று அடுக்கு. நகைக்கடை சீட்டுத் திட்டம் போலத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். வெள்ளி அடுக்குக்கு 150,000 அமெரிக்க டாலர் வைப்பு, குறைந்தது 600,000 ரிங்கிட்டில் ஒரு வீடு, ஐந்து வருஷப் பாஸ். தங்கத்துக்கு ஐந்து லட்சம் டாலர், பத்து லட்சம் ரிங்கிட் வீடு, பதினைந்து வருஷம். பிளாட்டினத்துக்குப் பத்து லட்சம் டாலர், இருபது லட்சம் ரிங்கிட் வீடு, இருபது வருஷம். மாத வருமானம் என்ற கட்டமே படிவத்திலிருந்து போய்விட்டது.

ஐயாவின் 62,000 ரூபாய் இன்றைய விலையில் மூவாயிரம் ரிங்கிட்டுக்குச் சற்று மேல். வெள்ளி அடுக்கின் வைப்புத்தொகை மட்டும் ஒரு கோடியே இருபத்தெட்டு லட்சம் ரூபாய்க்குப் பக்கம். ஆக, இந்தக் கதவு உங்களுக்கு இல்லை. கதவு இது ஒன்றுதான் என்றும் நினைக்க வேண்டாம்.

7 ஏப்ரல், மாலை

ஒருவர் கேட்டிருக்கிறார்: "எம்எம்2எச்-இலேயே சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் 32,000 டாலர் வைப்பு போதும் என்கிறார்களே?" உண்மைதான். ஐம்பது வயது ஆனவர்களுக்கு 32,000, அதற்குக் கீழே 65,000. பத்து வருஷம். ஆனால் வீட்டை அந்த மண்டலத்தில்தான் வாங்க வேண்டும், ஜோகூரின் ஃபாரஸ்ட் சிட்டி மாதிரி. மகள் வடகோடியில், அப்பாவுக்கு வீடு தென்கோடியில்.

8 ஏப்ரல்

மச்சினர் விஷயத்துக்கு வருகிறேன். ஐயா கோபித்துக்கொள்ள வேண்டாம்.

விசா அதிகாரி உங்களிடம் பணம் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பதில்லை. அது யார் பெயரில் இருக்கிறது, எத்தனை மாதமாக இருக்கிறது, எங்கிருந்து வந்தது, நாளைக்கும் வருமா, இதையெல்லாம் பார்க்கிறார். மலேசியா என்றில்லை, பெரும்பாலும் எல்லா நாட்டிலும் இதே பார்வைதான். பேங்க் ஸ்டேட்மென்டைக் கையில் வாங்கினால் நாங்கள் கடைசி வரியைப் பார்க்க மாட்டோம். நடுவில் உள்ள வரிகளைத்தான் பார்ப்போம். மாதா மாதம் அறுபதாயிரம் வந்துகொண்டிருந்த கணக்கில் திடீரென்று ஒரு நாள் நாற்பது லட்சம் வந்தால், அந்த ஒரு வரி மற்ற எல்லா வரியையும் சந்தேகப்பட வைத்துவிடும். ஒரு மாதம் கழித்து அது போன இடம் தெரியாமல் போனால் இன்னும் மோசம். பாஸ் புதுப்பிக்கும் போது அதே கணக்கைத்தான் மறுபடி கேட்பார்கள்.

நம் குடும்பங்களில் பணம் ஒருவர் பெயரில் நிற்பதே இல்லை. அண்ணன் வீடு கட்டியதில் கொஞ்சம், தங்கை கல்யாணத்துக்குக் கொடுத்து வராமல் நிற்பது கொஞ்சம், மனைவி கழுத்தில் கொஞ்சம், ஊரில் வயலாகக் கொஞ்சம். தேவைப்பட்டால் எல்லாம் ஓடி வரும். அந்த வகையில் ஐயா வசதியானவர்தான். ஆனால் இந்தப் படிவத்தில் "தேவைப்பட்டால் மச்சினர் தருவார்" என்று எழுத இடம் கிடையாது. வயல் பத்திரத்தையும் நகையின் எடையையும் இணைத்து அனுப்பியவர்களைக் கவுண்டரில் பார்த்திருக்கிறேன். யாரும் சிரிக்கவில்லை, ஆனால் அந்தத் தாள்களை ஓரமாக எடுத்து வைத்துவிடுவார்கள்.

அந்தப் பழைய விதியில் இதற்குச் சாட்சியாக ஒன்று இருந்தது. அரசாங்கப் பென்ஷன் மாதம் பத்தாயிரம் ரிங்கிட் வரும் ஆட்களுக்கு வைப்புத்தொகையே வேண்டாம் என்று விலக்கு கொடுத்திருந்தார்கள். கையில் லட்சக்கணக்கில் வைத்திருப்பவனைவிட, சாகும்வரை மாதம் தவறாமல் வருகிறவனை நம்பினார்கள்.

8 ஏப்ரல், இரவு

"நீங்கள் பேங்க் பக்கமே பேசுகிறீர்கள், எங்கள் பக்கம் பேசவில்லை" என்று சுங்கைப் பட்டாணியிலிருந்து ஒரு தங்கச்சி. முப்பது வருஷச் சம்பளம் அவர்கள் கொடுத்ததும்மா. அந்தப் புத்தி விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

10 ஏப்ரல்

"விசாவே வேண்டாமே, முப்பது நாள் இலவசம், மாதா மாதம் எல்லை தாண்டித் தாய்லாந்தின் ஹாட்யாய் போய்த் திரும்பினால் ஒரு வருஷம் ஓட்டிவிடலாம்" என்று திருச்சி நண்பர் யோசனை சொல்லியிருக்கிறார்.

இந்தியக் கடப்பிதழுக்கு 2023 டிசம்பர் 1 முதல் முப்பது நாள் விசா இல்லாமல் வரலாம், அது 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. அதுவரை சரி. அடுத்த பாதியைத்தான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த முப்பது நாள் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு. உள்ளே விடுவதும் விடாததும் வாசலில் நிற்கும் அதிகாரியின் முடிவு. முதல் தடவை ஒன்றும் கேட்க மாட்டார்கள். பக்கத்துப் பக்கமாக முத்திரை விழ விழ, புக்கிட் காயு ஹீத்தாம் எல்லைச் சாவடியில் ஒருநாள் "அங்கிள், இங்கே என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்பார்கள். பதில் சொல்லத் தெரிந்தாலும் திருப்பி அனுப்பலாம். எழுபதை நெருங்கும் தம்பதி, மருந்துப் பையோடு எல்லையில் நிற்கிற காட்சியை நினைத்துப் பாருங்கள். இளவட்டங்கள் செய்யட்டும், கேட்கப் போவதில்லை. ஐயாவுக்கு வேண்டாம்.

13 ஏப்ரல்

நாளை வருஷப் பிறப்பு, வீட்டில் வேலை. ஆனால் ஒன்று மனசில் உறுத்துகிறது. இத்தனை பேர் இத்தனை நாள் ஐயாவின் பென்ஷனையே கூட்டிக் கழித்துக்கொண்டிருக்கிறோம். மகளைப் பற்றி யாரும் கேட்கவே இல்லை. ஐயா, மகள் எந்தப் பாஸில் வேலை செய்கிறார்? எம்ப்ளாய்மென்ட் பாஸா? சம்பளம் எவ்வளவு? அது தெரிந்தால் இந்தப் பேச்சு முழுவதும் வேறு பக்கம் திரும்பும்.

15 ஏப்ரல்

பதில் வந்துவிட்டது. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒரு மின்னணு நிறுவனம், எம்ப்ளாய்மென்ட் பாஸ், சம்பளம் மாதம் 6,800 ரிங்கிட்.

அப்படியானால் ஐயா ஒரு காசு வருமானமும் காட்ட வேண்டாம். காட்ட வேண்டியது மகளின் சம்பளச் சீட்டு.

விளக்குகிறேன். இந்த 2025-இல் எம்ப்ளாய்மென்ட் பாஸை மூன்று வகையாகப் பிரித்திருக்கிறார்கள். மாதம் பத்தாயிரமும் அதற்கு மேலும் முதல் வகை. ஐயாயிரத்திலிருந்து பத்தாயிரத்துக்குள் இரண்டாம் வகை. மூவாயிரத்திலிருந்து ஐயாயிரத்துக்குள் மூன்றாம் வகை. மூன்றாம் வகைக்காரர்கள் குடும்பத்தைச் சேர்த்துக்கொள்ள முடியாது. முதல் இரண்டு வகையில் இருப்பவர்கள் கணவன் மனைவிக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் டிபெண்டன்ட் பாஸ் எடுக்கலாம். பெற்றோருக்கும் மாமனார் மாமியாருக்கும் நீண்டகால சமூக வருகைப் பாஸ் கேட்கலாம். மகள் இரண்டாம் வகை. ஐயாவும் அம்மாவும் அந்தப் பெற்றோர் வரிசையில் வருவார்கள்.

விண்ணப்பம் போடுவது மகளும் இல்லை, நீங்களும் இல்லை. அவருடைய கம்பெனி. குடிநுழைவுத் துறையின் இஎஸ்டி இணையத்தளத்தில் கம்பெனிக்கு ஒரு கணக்கு இருக்கும், மகளின் பாஸும் அது வழியாகத்தான் வந்திருக்கும். அதே வழியில் பெற்றோருக்கும் கேட்க வேண்டும். ஆக உங்கள் விசா அதிகாரி யாரென்றால், முதலில் மகளின் எச்ஆர் அம்மாதான். அங்கே தாமதமானால் எல்லாம் தாமதம். நல்ல கம்பெனியில்கூட "பெற்றோருக்கா? நாங்கள் செய்ததில்லையே" என்று இழுப்பார்கள். மகளை அன்பாகவும் விடாமலும் கேட்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. மகளின் பாஸ் எந்தத் தேதியில் முடிகிறதோ, அதைத் தாண்டி உங்கள் பாஸ் ஓடாது. நான்கைந்து மாதம்தான் பாக்கி என்றால், அவர் பாஸைப் புதுப்பிக்கும் போதே உங்களுடையதையும் சேர்த்துக் கேட்பது புத்திசாலித்தனம். வேலை செய்யவும் அனுமதி கிடையாது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு டியூஷன் எடுத்துக் காசு வாங்கினால் அதுவும் வேலைதான். தலைமை ஆசிரியராச்சே, முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

16 ஏப்ரல்

"இது தெரிந்திருந்தால் முதல் நாளே சொல்லியிருக்கலாமே." சொல்லியிருக்கலாம். அவர் கேட்டது பென்ஷனைப் பற்றி. அப்பாக்கள் யாருமே மகள் சம்பளத்தை முதலில் எடுத்து வைப்பதில்லை.

19 ஏப்ரல்

இனிஷியல். இதை எழுதாமல் விட்டால் பாவம் சேரும்.

நான் மலேசியன், என் மனைவி புதுக்கோட்டைப் பக்கம். கல்யாணமாகி வந்த பிறகு அவளும் இதே நீண்டகால சமூக வருகைப் பாஸில்தான் வருஷக்கணக்காக இருந்தாள், கணவர் என்ற முறையில் நான் பொறுப்பாளர். ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் இருவரும் சேர்ந்து போக வேண்டும், என் ஐசி (அடையாள அட்டை), என் சம்பளச் சீட்டு, கல்யாணச் சான்றிதழ். பணத்தில் ஒரு குறையும் கண்டுபிடிக்க மாட்டார்கள். பெயரில் கண்டுபிடிப்பார்கள். அவள் பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் ஒரு மாதிரி, கடப்பிதழில் இனிஷியலை விரித்து வேறு மாதிரி, கல்யாணச் சான்றிதழில் மூன்றாவது மாதிரி. மூன்றும் ஒரே மனிதர் என்று நமக்குத் தெரியும். கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருக்கும் மலாய்க்கார அம்மாவுக்கு எப்படித் தெரியும்? அவர் கேட்டது நியாயம் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன்.

ஐயா விஷயத்தில் இணைக்க வேண்டியது மகளின் பிறப்புச் சான்றிதழ். அதில் உள்ள அப்பா பெயரும் அம்மா பெயரும் உங்கள் கடப்பிதழில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று இன்றே பாருங்கள். அந்தக் காலப் பதிவுகளில் குழந்தையின் பெயரே இல்லாமல் "பெண்" என்று மட்டும் இருக்கும். அப்படியிருந்தால் ஊராட்சியிலோ நகராட்சியிலோ பெயர் சேர்த்து வாங்குவது முதல் வேலை. அம்மாவின் பெயரில் ஓர் எழுத்து குறைந்தாலும் அலட்சியம் வேண்டாம். உறுதிமொழிப் பத்திரம் எழுதி, சான்றொப்பம் வாங்கி, தேவைப்பட்டால் சென்னையில் இருக்கும் மலேசியத் துணைத்தூதரகத்திலும் கேட்டுவிடுங்கள்.

வருமானத்துக்காக அலைந்தவர்களைவிட இனிஷியலுக்காக அலைந்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

27 ஏப்ரல்

பேச்சு தாய்லாந்துக்குப் போய்விட்டது, நானும் கூடவே போகிறேன். கேட்டவர் பிறையில் ஃபேக்டரி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஹாட்யாயில் வீடு எடுத்துத் தங்கினால் ஈபிஎஃப் பணம் இன்னும் பத்து வருஷம் கூட வரும் என்கிறார்.

தாய்லாந்து இந்த விஷயத்தில் ரொம்பத் தெளிவு. ஐம்பது வயது ஆகியிருக்க வேண்டும். ஓய்வுக்காலத் தங்கலுக்குத் தாய்லாந்து பேங்கில் உங்கள் பெயரில் 800,000 பாட், அல்லது மாத வருமானம் 65,000 பாட், அல்லது இரண்டையும் சேர்த்து வருஷத்துக்கு எட்டு லட்சம். அந்த எட்டு லட்சம் விண்ணப்பிக்கும் நாளுக்கு இரண்டு மாதம் முன்பிருந்தே கணக்கில் உட்கார்ந்திருக்க வேண்டும், கிடைத்த பிறகும் மூன்று மாதம் கை வைக்கக் கூடாது, அதற்குப் பிறகும் நான்கு லட்சத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. பார்த்தீர்களா, மச்சினர் பணம் அங்கேயும் செல்லாது.

ரிங்கிட்டில் லட்சத்துக்குச் சற்று மேல். மலேசியக்காரர்கள் பலருக்கு ஈபிஎஃப்-இல் எடுத்தால் கிடைக்கும். ஆனால் நம் ஈபிஎஃப் மாதா மாதம் வருவதில்லை, மொத்தமாக இருக்கிறது. அதனால் 65,000 பாட் வழி அவருக்கு ஒத்துவராது, எட்டு லட்சம் வழிதான். பினாங்கிலேயே ஜாலான் துங்கு அப்துல் ரஹ்மானில் தாய்லாந்துத் தூதரக அலுவலகம் இருக்கிறது. முன்பெல்லாம் காலையில் போனால் பல நாட்டு வெள்ளைக்காரர்கள் கோப்புக் கட்டோடு வரிசையில் நிற்பார்கள். அவர்கள் கோப்பு எவ்வளவு சுத்தமாக இருந்தது என்று பார்த்ததே பாதிப் பாடம்.

போவதா வேண்டாமா என்று என்னைக் கேட்டால், எனக்கு அங்கே சாப்பாடு பிடிக்கும், மொழி தெரியாது. உடம்புக்கு வந்தால் தமிழிலோ மலாயிலோ சொல்லி அழ ஆள் வேண்டும்.

4 மே

மேலே ஒருவர்: "நாம் இங்கிருந்து இந்தியாவில் போய் நீண்ட நாள் தங்க எவ்வளவு வருமானம்?"

வருமானமே கேட்க மாட்டார்கள். ஓசிஐ என்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை எடுத்தால் காலவரையே இல்லாமல் தங்கலாம். அவர்கள் கேட்பது தாத்தாவை. இந்தியாவிலிருந்து வந்த மூதாதையருக்கு நீங்கள் பிள்ளை, பேரன் வழியில் வந்தவர் என்று காகிதத்தில் நிரூபிக்க வேண்டும். என் தாத்தா ரஜுலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து வந்தவர், எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும், தெருவுக்கே தெரியும். அவருடைய பழைய கடப்பிதழையோ சிவப்பு ஐசியையோ யாராவது பெட்டியில் வைத்திருந்தால்தானே? எஸ்டேட்டை விட்டு எஸ்டேட் மாறும்போது போனது போனதுதான். என் அத்தை வீட்டில் ஒரு பிறப்புப் பதிவு இருந்தது, அதில் தாத்தாவின் ஊரை எழுதிய கிராணி (எழுத்தர்) அவர் காதில் விழுந்ததை எழுதியிருக்கிறார். அந்தப் பெயரில் தமிழ்நாட்டில் ஊரே இல்லை.

எனக்கு அது இன்னும் கிடைக்கவில்லை. மனைவி ஊருக்குப் போக இ-விசாதான் எடுக்கிறேன்.

11 மே

கோயம்புத்தூரிலிருந்து ஒரு தொழிலதிபர், வெள்ளி அடுக்கே எடுக்கலாம் என்றிருக்கிறாராம். ஜார்ஜ் டவுனில் வீடு, மனைவிக்கு மாரியம்மன் கோவில் பக்கத்திலேயே இருக்க ஆசை. (குவீன் தெரு மகா மாரியம்மன், 1833-இல் கட்டியது, தெருவுக்கே வாசம் வரும்.) அவருக்கு மட்டும் இது.

பணம் இங்கே வருவதில் பிரச்சினை இல்லை, இந்தியாவிலிருந்து கிளம்புவதில்தான். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் பேங்க் வைத்திருக்கும் எல்ஆர்எஸ் திட்டத்தில் ஓர் ஆள் ஒரு நிதியாண்டில் 250,000 டாலர் அனுப்பலாம். 150,000 அதற்குள் அடங்கிவிடும். ஆனால் இந்த ஏப்ரல் முதல் பத்து லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் தொகைக்கு 20 விழுக்காடு டிசிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வரி) பிடிப்பார்கள், முன்பு அந்த வரம்பு ஏழு லட்சம். ஒரு கோடியே இருபத்தெட்டு லட்சம் அனுப்பினால் இருபத்து மூன்றரை லட்சம் அளவில் தனியாக எடுத்து வைக்க வேண்டும். வரிக்கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், மிச்சம் திரும்பி வரும், ஆனால் அதுவரை அந்தப் பணம் கையில் இல்லை. வீட்டுப் பணத்தையும் அதே ஆண்டில் அனுப்பினால் உச்சவரம்பு இடிக்கும். மார்ச்சில் பாதி, ஏப்ரலில் பாதி என்று இரண்டு நிதியாண்டாகப் பிரிப்பவர்கள் உண்டு. மனைவிக்கும் தனி வரம்பு உண்டு.

வீட்டு விலை 600,000 என்று மத்திய அரசு சொன்னாலும் நிலம் மாநில அதிகாரம். வெளிநாட்டவர் வாங்கக்கூடிய குறைந்தபட்ச விலை பினாங்கில் ஒன்று, கெடாவில் ஒன்று, கோலாலம்பூரில் ஒன்று. புரோக்கர் காட்டும் வீட்டைப் பிடித்துப் போய் முன்பணம் கொடுத்துவிட்டு, அப்புறம் மாநில அனுமதி கிடைக்காது என்று தெரிந்தால் யாரையும் நோக முடியாது. வாங்கிய வீட்டைப் பத்து வருஷம் விற்க முடியாது என்பதையும் மனைவியிடம் சொல்லிவிடுங்கள். அதைவிட விலை கூடியதுக்கு மாறினால் மட்டும் விடுவார்கள்.

விண்ணப்பம் சுற்றுலா அமைச்சின் உரிமம் பெற்ற ஏஜெண்டு வழியாக மட்டும்தான். உரிமப் பட்டியலில் பெயர் இருக்கிறதா பார்த்துவிட்டு, அப்புறம் பணத்தைப் பற்றிப் பேசுங்கள். ஒப்புதல் கடிதம் வருவதற்கு முன்பே வைப்புத்தொகையை எடுத்துக்கொண்டு ஓடிவர வேண்டாம். முதலில் கடிதம், பிறகுதான் வைப்பு. அதில் பாதிவரை வீடு, மருத்துவம் போன்றவற்றுக்கு எடுக்க விடுகிறார்கள்.

2 ஜூன்

கணினி வேலை செய்யும் பிள்ளைகள் கேட்பது. டிஇ ரந்தாவ் பாஸ், 2022 அக்டோபரில் வந்தது. வெளிநாட்டுக் கம்பெனிக்கோ வாடிக்கையாளருக்கோ கணினித் துறை வேலையை இங்கிருந்து செய்கிறவர்களுக்கு. ஆண்டு வருமானம் 24,000 டாலர். கணினித் துறை இல்லாத வேலை என்றால் 60,000 டாலர். மூன்று மாதத்திலிருந்து பன்னிரண்டு மாதம், அப்புறம் இன்னும் பன்னிரண்டு. கட்டணம் ஆயிரம் ரிங்கிட்.

இதிலும் அதே கதைதான். வேலை இருக்கிறது, பணமும் வருகிறது. ஆனால் பாதி அப்பா கணக்கில் வந்து விழும், பாதி நண்பன் கணக்கில் வந்து யுபிஐ-யில் மாறும். ஒப்பந்தத் தாள் இல்லை, வாட்ஸ்அப்பில் பேசியதுதான். தம்பிகளா, ஒரு கணக்கு, உன் பெயர், ஒப்பந்தத்தில் உள்ள தொகையும் கணக்கில் விழும் தொகையும் ஒன்று. இதை ஆறு மாதம் ஒழுங்காகச் செய்துவிட்டு அப்புறம் விண்ணப்பி.

20 ஜூலை

கரூர் ஐயா தனியாக எழுதியிருந்தார். கம்பெனி விண்ணப்பித்துவிட்டது. அவர் கேட்டது வேறு: "ஒரு வருஷம் அங்கே என்ன செய்வேன்?"

ஏப்ரலில் கேட்டிருந்தால் "வாருங்கள், ஜாலியாக இருக்கலாம்" என்றிருப்பேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. இங்கே மகள்களைப் பார்க்க வந்த பெற்றோரை எங்கள் அடுக்குமாடியிலேயே பார்க்கிறேன். பெண் காலையில் ஃபேக்டரி பேருந்துக்குப் போனால் இருட்டிய பிறகு வருகிறாள். பதினான்காம் மாடி. கீழே இறங்கினால் பேச ஆள் இல்லை, நடக்க நடைபாதை இல்லை. அம்மாக்கள் எப்படியோ சமாளித்துவிடுகிறார்கள், சமையல் இருக்கிறது, லிட்டில் இந்தியா போய்க் கீரை வாங்கும் பழக்கம் வந்துவிடும். அப்பாக்கள்தான் மூன்றாம் மாதத்தில் ஊர்ச் செய்தித்தாளை விளம்பரம் வரைக்கும் படிக்க ஆரம்பிக்கிறார்கள். பாஸ் ஒரு வருஷத்துக்குக் கிடைத்தால் ஒரு வருஷமும் இங்கேயே இருந்தாக வேண்டும் என்றில்லை. சென்னையிலிருந்து பினாங்குக்கு 2024 டிசம்பரிலிருந்து இண்டிகோ நேராகவே வருகிறது. நான்கு மாதம் இங்கே, நடுவில் ஊர், மறுபடி இங்கே என்று வையுங்கள்.

நடுவில் ஊர் போவதற்குக் காரணமும் இருக்கிறது. பென்ஷன்காரர்களுக்கு வருஷத்துக்கு ஒருமுறை நேர்காணல் உண்டு. உயிர்வாழ்ச் சான்றை மின்னணு முறையிலும் கொடுக்கலாம், ஆனால் உங்களுக்கான மாதம் எது என்று கருவூலத்தில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். அது தவறிப் பென்ஷன் நின்றுபோனால் அதைக் கிளப்ப இங்கிருந்து போன் பண்ணிப் பார்த்தால்தான் தெரியும்.

வரி: இங்கே ஒரு வருஷத்தில் 182 நாள் இருந்தால் வரிக் கணக்கில் மலேசியவாசி ஆகிவிடுவீர்கள். பயப்பட வேண்டாம். தனிநபர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவரும் வருமானத்துக்கு 2036 முடிய விலக்கு இருக்கிறது. இந்தியப் பக்கம்தான் ஒரு நிதியாண்டில் அங்கே எத்தனை நாள் இருந்தீர்கள் என்பதை வைத்து உங்கள் நிலை மாறலாம். கரூரிலேயே ஓர் ஆடிட்டரைக் கேளுங்கள், அது என் வேலை இல்லை.

14 செப்டம்பர்

ஐயாவுக்கும் அம்மாவுக்கும் ஒப்புதல் வந்துவிட்டது. பிறப்புச் சான்றிதழில் அம்மா பெயருக்கு மட்டும் ஒரு விளக்கக் கடிதம் கேட்டார்களாம்.

இப்போது புதுச் சிக்கல். மகளுக்குக் கோலாலம்பூரில் ஒரு கம்பெனி எட்டாயிரத்து ஐநூறு தருகிறேன் என்கிறதாம். "சம்பளம் கூடினால் எங்கள் பாஸுக்கும் நல்லதுதானே?"

அப்படி இல்லை ஐயா. பாஸ் சம்பளத்தோடு கட்டப்பட்டது இல்லை, அந்தக் கம்பெனியோடு கட்டப்பட்டது. வேலை மாறினால் பழைய எம்ப்ளாய்மென்ட் பாஸை ரத்து செய்வார்கள், அதோடு உங்கள் இருவருடையதும் போகும். புதுக் கம்பெனி மகளுக்குப் புதிதாக விண்ணப்பித்து, அது கிடைத்த பிறகு உங்களுக்கும் முதலிலிருந்து. மாறக் கூடாது என்று சொல்லவில்லை. எட்டாயிரத்து ஐநூறு பெரிய ஏற்றம், அப்பா அம்மா விசாவுக்காகப் பெண் அதை விடக் கூடாது. ஆனால் வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே "என் பெற்றோருக்கும் பாஸ் எடுத்துத் தருவீர்களா" என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும். சேர்ந்த பிறகு கேட்டால் எச்ஆர் குரல் மாறிவிடும். டிக்கெட்டை அதுவரை எடுக்க வேண்டாம்.

15 செப்டம்பர்

ஆமாம், மகள் போனால் ஐயாவும் கோலாலம்பூர்தான். பினாங்குக்காரனான எனக்கு இதில் வருத்தம். அங்கே பிரிக்ஃபீல்ட்ஸ் இருக்கிறது, பேச ஆள் கிடைக்கும். மீன் குழம்புதான் இந்த அளவுக்கு வராது.

3 அக்டோபர்

ஐயா எழுதியிருக்கிறார். மகள் புது வேலையை ஒப்புக்கொண்டாள், பெற்றோர் பாஸ் ஒப்பந்தத்திலேயே ஒரு வரியாக வந்திருக்கிறது. கிளம்புவது அடுத்த வருஷம் சித்திரைக்கு மேல்.

22 நவம்பர்

கரூர்க்காரர்கள் மூன்று பேர் கேட்டிருப்பதால் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். தைப்பூசத்துக்கு மட்டும் பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோவிலுக்கு வருவதற்கு மேலே எழுதிய எதுவும் தேவையில்லை. 2026-இல் தைப்பூசம் பிப்ரவரி 1, ஞாயிற்றுக்கிழமை. முப்பது நாள் விசா விலக்கு அப்போதும் இருக்கும். திரும்பும் டிக்கெட், தங்கும் முகவரி, கைச்செலவுக்குப் பணம், ஆறு மாதத்துக்குக் குறையாமல் செல்லுபடியாகும் கடப்பிதழ் இருந்தால் போதும். வருவதற்கு மூன்று நாளுக்குள் எம்டிஏசி என்ற மின்னணு வருகை அட்டையைக் குடிநுழைவுத் துறையின் தளத்திலேயே நிரப்புங்கள். அது இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள். ஹோட்டலை டிசம்பருக்குள் பிடித்துவிடுங்கள், ஜனவரியில் தேடினால் பட்டர்வொர்த்தில் தங்கி ஃபெர்ரி ஏற வேண்டியிருக்கும்.